ஏபிஎஸ் லைட்டும் மாமாவோட தவளையும்

வணக்கம், எல்லாரும் சுகமா? ஹட்டன் பக்கம் மழை விட்டபாடில்ல, தோட்டத்து ரோட்டுல ஜீப் ஓட்டுறவங்க பாடு சொல்லவே வேணாம். இன்னைக்கு நான் பேசப்போறது சில்லு பக்கத்துல ஒளிஞ்சிருக்கிற ஒரு சின்ன சாமான், வீல் ஸ்பீட் சென்சர்.

சின்ன வயசுல சைக்கிள் கம்பியில அட்டைத் துண்டு கட்டி டரடரன்னு ஓட்டினோமே, ஞாபகம் இருக்கா? கிட்டத்தட்ட அதுதான். சில்லோட சேர்ந்து ஒரு பல்லு வளையம் சுத்தும், சென்சர் அதத் தொடாமலே பல்ல எண்ணும். பிரேக் போடுறப்ப சில்லு பூட்டிக்கிட்டு வழுக்காம பாத்துக்கிற ஏபிஎஸ்ஸுக்கு சில்லோட வேகத்தச் சொல்றது இதுதான். வழுக்குற மண்ணுல எந்தச் சில்லு சும்மா சுத்துது, எதப் புடிக்கணும்னு வண்டிக்குத் தெரியுறதும் இதாலதான்.

எங்க டிவிஷன்ல ஒரு டிரைவர் மாமா இருந்தாரு. ஒருநாள் வந்து, "தம்பி, பிரேக்க மிதிச்சா காலுக்கடியில தவள துடிக்குதுடா"ன்னாரு. வேகமா போறப்ப ஒண்ணுமில்ல, வளைவுல இறங்கி நிக்கப்போற நேரம் மட்டும் துடிக்குது, வண்டியும் ஒரு முழம் தள்ளிப்போய்த்தான் நிக்குது. டேஷ்போர்டுல ஏபிஎஸ் லைட்டும் எரியல பாருங்க, அதான் வேடிக்கை. டவுன்ல ஒரு கராஜ்ல பிரேக் பேட் மாத்தியாச்சு, மாஸ்டர் சிலிண்டர் மாத்தியாச்சு, கடைசியா ஏபிஎஸ் பம்பையே மாத்தணும்னு சொல்லிட்டாங்களாம், மாமா மூஞ்சி செத்துப்போச்சு.

நான் முன் சில்லக் கழட்டி சென்சர உருவினேன். நுனியில தாடி! இரும்புத்தூள் தாடி. அது காந்தம்ல, பிரேக் டிஸ்க் தேயுற தூளெல்லாம் இழுத்து வச்சிருக்கு. அது உக்கார்ற இடத்துல துருவும் பொருக்கு கட்டி சென்சர மேல தூக்கியிருக்கு. பழைய டைப் சென்சர், அதாவது காந்தமும் கம்பிச்சுருளும் வச்சு தானே சிக்னல் உண்டாக்குறது, அதுக்கு வேகம் குறையக் குறைய சிக்னலும் குறையும், இதுல தூரமும் கூடினா கேக்கவா வேணும், சில்லு சுத்துறப்பவே நின்னுபோச்சுன்னு கம்ப்யூட்டர் நினைச்சு பிரேக்க விட்டுவிட்டுப் புடிக்குது. மாமாவோட தவள அதுதான். துணியால தொடச்சு, உக்கார்ற இடத்த பிரஷ்ஷால சுரண்டி மாட்டினேன், சரியாயிடுச்சு. அன்னைக்கு செலவு ஒரு பிளேன்டீ.

அதனால லைட் எரிஞ்சாலும் உடனே சென்சர் வாங்க ஓடாதீங்க. வண்டி கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாக்குற ஸ்கேனர் எந்தச் சில்லு லைன்ல கோளாறுன்னுதான் சொல்லும். வயரா, கனெக்டர்ல தண்ணியா, பல்லு வளையம் வெடிச்சிருக்கா, பேரிங் ஆடுதா, நம்மதான் பாக்கணும். ஸ்டியரிங் திருப்புற எடத்துல வயர் மடங்கி மடங்கி உள்ளுக்குள்ள அறுந்திருக்கும், வெளிய ரப்பர் நல்லாவே இருக்கும், மின்தடை (ஓம்) அளக்குற மீட்டர் வச்சுக்கிட்டே வயர ஆட்டிப் பாருங்க. பழைய டைப்புன்னா பெரும்பாலும் 1,000, 2,000 ஓம் அந்தப் பக்கம் காட்டும், இடமும் வலமும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. உள்ளுக்குள்ள எலக்ட்ரானிக்ஸ் இருக்கிற புது டைப்ப ஓம் வச்சு அளக்காதீங்க, கெட்டுப்போகலாம். அதுக்கு ஸ்கேனர மாட்டிட்டு நேர் ரோட்டுல 20 கிலோமீட்டர் வேகத்துல ஓட்டி, நாலு சில்லுக்கும் ஒரே வேகம் காட்டுதான்னு பாத்தா போதும்.

சென்சர் துருப்புடிச்சு கழராட்டி சுத்தியலால மட்டும் தட்டிடாதீங்க, ஆயில் அடிச்சு ராத்திரி விட்டுடுங்க...

அங்க ஸ்டூடியோ கண்ணாடிக்குப் பின்னால தங்கச்சி கைய காட்டுது, நேரமாச்சாம். டயர் கதைதான் பேச முடியல, நாலும் ஒரே சைஸ்ல போடுங்க, இல்லாட்டி வேகக் கணக்கு பிசகும். சேறுல போய்வந்தா சில்லு உள்பக்கத்தையும் கழுவுங்க, பிரஷர் தண்ணிய கனெக்டர்ல நேரா அடிக்காம. வாறேன், வணக்கம்.