புல்லும் ஆயுதம்

தலைமை தாங்கும் டத்தோ அவர்களே, ஆலயத் தலைவர் அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அம்மா அவர்களே, நாற்காலி தந்து உதவிய மகளிர் பிரிவினரே, சுங்கை சிப்புட் பெரியோர்களே, வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் மன்னியுங்கள். போன வருஷம் ஒருவர் கோபித்துக்கொண்டு சாப்பிடாமலே போய்விட்டார்.

மூன்று விஷயம் பேச வந்தேன்: அமெரிக்காவின் பிரெய்ரி புல்வெளி, அதன் மண், அப்புறம் அங்கே மேய்ந்த காட்டெருமை. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் அல்லவா!

அங்கே ஆள் உயரப் புல் சுமார் 17 கோடி ஏக்கரில் நின்றது. 1837-ல் இல்லினாயில் ஜான் டியர் என்ற கொல்லர் எஃகுக் கலப்பை செய்தார். ஒட்டிப் பிடிக்கும் கரிய மண்ணும் அதற்கு வழிவிட்டது. சோளம் வந்தது, புல் போனது. இன்று மிச்சம் நூற்றுக்கு நாலுகூட இல்லை. 1930-களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் மேடிசனில் பழைய பண்ணை நிலத்தில் புல்லைத் திரும்ப நட்டார்கள். நட்டால் மட்டும் போதவில்லை, அவ்வப்போது தீயும் வைக்க வேண்டியிருந்தது. தீயில் மரக்கன்று சாகும், புல்லின் உயிர் மண்ணுக்கடியில் இருக்கிறது.

தீ என்றதும் ஞாபகம் வருகிறது. எனக்குப் பத்து வயது, தீபாவளிக்கு மறுநாள். தோட்டத்து இடுகாட்டுப் பக்கம் வாணம் விட்டேன். அது மேலே போகாமல் லாலான் புல்லுக்குள் புகுந்தது. மளமளவென்று பிடித்துக்கொண்டது. வேலையை மேய்க்கும் மண்டோர் வாளியோடு ஓடிவந்தார், கணக்கெழுதும் கிராணி மோட்டார் சைக்கிளில் வந்தார், அப்பா பெல்ட்டோடு வந்தார். “புதைச்சவங்களையும் கொளுத்துறியாடா?” பாட்டி மட்டும், “விடுடா, தாத்தாவுக்குக் குளிர் விட்டிருக்கும்” என்றாள். மூன்று வாரம் கழித்துப் போனால், லாலான் முழங்கால் உயரம், பச்சைப்பசேல்! வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். எனக்குத்தான் முதுகில் தழும்பு.

சரி, இல்லினாய், அயோவா பக்கம் உழாத பிரெய்ரி எங்கே தப்பியது தெரியுமா? குடியேறியவர்களின் பழைய கல்லறைகளில். பிணம் கிடக்கும் இடத்தில் ஏர் ஓட்ட யாருக்கும் மனம் வரவில்லை.

நம் இடுகாட்டிலோ அளவுக்கல் நட்டாயிற்று. தோட்டம் கைமாறிவிட்டது, வீடுகள் வரப்போகின்றனவாம். லாலானைக் காப்பாற்றச் சொல்லவில்லை ஐயா, அதை மருந்தடித்தே ஒழிக்க முடியவில்லை. அதன் அடியில் படுத்திருப்பவர்களைத்தான் சொல்கிறேன். வேலி வேண்டும், பட்டா வேண்டும்.

வாசல் மேசையில் மகஜர் இருக்கிறது. ஐசி, அதாவது அடையாள அட்டை, எண்ணை மறக்காமல் எழுதுங்கள். முதல் கையெழுத்து டத்தோ போடுவார். அவரே இப்போதுதான் கேள்விப்படுகிறார். காட்டெருமைக்கு நேரமில்லை, சாப்பிட வைத்த மீகூன் ஆறுகிறது.