கோபுரம் கொஞ்சம் பொறுக்கட்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பங்கு மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நம்முடைய தேவாலயப் பங்கின் நூற்றைம்பதாவது ஆண்டு யூபிலிக்குச் சேரும் பணத்தில் முதல் செலவு கோபுரத்துக்கா, பழைய பதிவேடுகளுக்கா என்பதுதான் இன்றைய வழக்கு. நான் பதிவேட்டின் பக்கம். எனக்கு முன் பேசிய அண்ணன் கோபுரத்துக்கு வர்ணம், முகப்புக்குக் கிரானைட், இரவுக்கு விளக்கு என்று அடுக்கிக்கொண்டே போனார். கேட்கக் கேட்க எனக்கே ஆசை வந்துவிட்டது. ஆனால் சுவாமியார் இருக்கும் பங்குமனையின் அலுமாரியை அவர் ஒருதரமாவது திறந்து பார்த்தாரா?

அதில் ஒரு ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது. ஒரே வரியில் பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, தாய் தகப்பன், ஞானத்தாய், ஞானத்தகப்பன், சுவாமியாரின் கையொப்பம். வரியோரத்தில் வேறு மையில் உறுதிபூசுதல். அதற்கும் தள்ளி இன்னொருவர் கையெழுத்தில், எந்தப் பங்கில் யாரோடு கல்யாணம் என்ற குறிப்பு. எங்கே போய்க் கட்டினாலும் அந்தத் தகவல் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கே திரும்பி வந்து பதிவாக வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அந்தக் காலத்து மை இரும்பு கலந்தது. எழுதிய காகிதத்தையே அரிக்கும். துறைமுகத்து உப்புக்காற்றும் கறையானும் வேறு. கிழிந்த பக்கத்தை யாரோ நல்ல மனசோடு செலோடேப் போட்டு ஒட்டியிருக்கிறார். அது மஞ்சளாகி, இப்போது எழுத்தையும் கூட்டிக்கொண்டு உரிகிறது.

'கடதாசி போய்விடும், கட்டடம்தான் நிற்கும்' என்றார்கள். கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலை எடுங்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு பூசையில் குண்டு வெடித்தது. கடற்படையினர் வந்து வேலை செய்தார்கள். ஜூன் 12ஆம் திகதி கோவில் திரும்பத் திறந்தாயிற்று. (போன உயிர்களை இந்த வழக்குக்குள் இழுக்க எனக்கு மனமில்லை.) யாழ்ப்பாண நூலகத்தையும் திரும்ப எழுப்பினோம். ஆனால் 1981இல் அதோடு எரிந்துபோன, வேறெங்கும் பிரதி இல்லாத ஏட்டுச் சுவடிகளை எந்தக் கொந்தராத்துக்காரர் கட்டித் தருவார்?

கொழும்புக் கோட்டையைச் சுற்றி ஒல்லாந்தர் எழுப்பிய மதிலை ஆங்கிலேயர் இடித்துவிட்டார்கள். அதே ஒல்லாந்தர் எழுதிவைத்த பள்ளித் தோம்புகள், யார் பிள்ளைக்கு ஞானஸ்நானம், யாருக்கு யாரோடு கல்யாணம் என்ற கணக்கு, கொழும்பு 7இல் தேசிய சுவடிக்கூடத்தில் இன்னமும் இருக்கின்றன. மதில் போனது, கடதாசி நிற்கிறது. எதிரணி குறித்துக்கொள்ளட்டும்.

83 ஆடிக் கலவரத்தில் வீட்டோடு பிறப்புச் சான்றிதழும் எரிந்த குடும்பங்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கும். கந்தோரில் கொண்டுபோய்க் காட்ட அவர்களுக்கு என்ன மிஞ்சியது? பங்குமனையில் எழுதித் தந்த ஞானஸ்நானச் சான்றிதழ். இன்றைக்கும் கனடாவில் இருந்து வரும் பிள்ளைகள் கோபுரத்தைப் படம் எடுக்கிறார்கள், சரி. எடுத்து முடிந்ததும் 'அப்பம்மாவின் பெயர் இருக்குதா ஃபாதர்?' என்றுதானே கேட்கிறார்கள்?

எதிரணித் தங்கை ஒரு நல்ல கேள்வி கேட்டார்: கூரை ஒழுகினால் பதிவேடும் நனையாதா? நனையும், தங்கச்சி. உடைந்த ஓடுகளை மாற்றுங்கள். நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் உங்கள் அண்ணன் வாசித்த பட்டியலில் ஒழுக்கு எங்கே இருந்தது? கடைசியில், கிரானைட்டுக்கும் விளக்குக்கும் கீழே!

நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஈரம் ஏறாத ஓர் இரும்பு அலுமாரி. அமிலமில்லாத காகித உறைகள். பக்கம் பக்கமாகப் படம் எடுக்க ஒரு நல்ல கமரா, பொறுமையான இளைஞர் இரண்டு பேர். எடுத்த படங்களில் ஒரு பிரதி ஆயர் இல்லத்துக்கு. செலோடேப்பைக் கழற்றத் தெரிந்தவர் வரும்வரை அந்தப் பக்கத்தில் யாரும் கை வைக்கக்கூடாது.

மிச்சக் காசுக்கு வர்ணம் பூசுங்கள். என்ன நிறம் என்பதை எதிரணியே தெரிவு செய்யட்டும். நன்றி, வணக்கம்.