ஒரு கட்டை விரல், ஒரு குரல்: ஜானி கேஷின் 1994 இசைத்தட்டு

அவையோருக்கு வணக்கம்.

இன்றைய பேச்சு ஒரே ஒரு இசைத்தட்டைப் பற்றியது. பெயர் ‘அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்’. 1994 ஏப்ரலில் வெளியானது. 13 பாட்டு, மொத்தம் 42 நிமிடத்துக்குச் சற்று மேல். பாடியவர் ஜானி கேஷ். அமெரிக்கக் கிராமப்புறப் பாட்டு மரபிலிருந்து வந்த கன்ட்ரி இசையில் அதற்கு முன்பே 39 வருடம் தட்டு போட்டவர். ஒலிப்பதிவு நடந்தபோது வயது 61.

இந்தத் தட்டைப் பாராட்டுகிறவர்கள் பெரும்பாலும் “எளிமை, எளிமை” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வாத்தியங்களை வெளியே அனுப்பிவிட்டால் பாடகருக்கு வேலை குறைவதில்லை, கூடுகிறது. எப்படிக் கூடுகிறது என்பதைத்தான் இங்கே பிரித்துக் காட்டப் போகிறேன்.

எதை எடுத்தார்கள் என்று தெரிய, முதலில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். 1955-இல் மெம்பிஸ் நகரத்தில் சாம் பிலிப்ஸ் நடத்திய சன் ரெக்கார்ட்ஸில் கேஷ் தொடங்கினார். கூட இருந்தவர்கள் இருவர்: எலெக்ட்ரிக் கிடாரில் லூதர் பெர்கின்ஸ், கனத்த அடிச்சுரங்களைத் தரும், நின்று வாசிக்கும் பெரிய பேஸ் வாத்தியத்தில் மார்ஷல் கிரான்ட். டிரம்ஸ் கிடையாது. அந்தக் குறையைச் சரிக்கட்ட, கேஷ் தன் கிடாரின் தந்திகளுக்கு நடுவே மடித்த காகிதத்தைச் செருகிக்கொண்டு வாசித்தார். தந்தி அதிராமல் ‘சக் சக்’ என்று அடிபடும், சின்ன டிரம் போலவே கேட்கும். அதோடு சன் ஸ்டுடியோவின் எதிரொலி. ஒரு டேப் இயந்திரத்தில் பதிவான குரலை இன்னொன்றின் வழியே ஓட்டி, கண் சிமிட்டும் நேரத்துக்குத் தாமதமாகத் திரும்பக் கலப்பார்கள். குரல் சுவரில் மோதித் திரும்பி வருவது போல இருக்கும். காகிதச் சத்தம், லூதரின் ஒற்றைத் தந்தி மீட்டல், அந்த எதிரொலி: கேஷ் என்றால் உலகம் அறிந்த ஒலி இந்த மூன்றும்தான். 1960-இல் டிரம்ஸ் வாசிக்க டபிள்யூ. எஸ். ஹாலன்ட் சேர்ந்தார், அதற்குப் பிறகு தாளத்தைத் தாங்க எப்போதும் ஆள் இருந்தது.

எண்பதுகளில் நிலைமை சரிந்தது. 1958 முதல் அவர் தட்டுகளை வெளியிட்ட கொலம்பியா நிறுவனம் 1986-இல் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. கன்ட்ரி இசையின் மதிப்புக்குரியோர் மன்றத்தில் 1980-லேயே இடம்பெற்றுவிட்ட மனிதரை வானொலிகள் போடவில்லை. மெர்க்குரி நிறுவனத்துக்குப் போனார், அங்கும் பெரிதாக எதுவும் நிகழவில்லை. 1988-இல் இதய அறுவை சிகிச்சை வேறு. அந்தக் காலத் தட்டுகளைக் கேட்டால் கோளாறு எங்கே என்று புரியும். குரலில் அல்ல. குரலைச் சுற்றி அந்தந்த வருடத்து மோஸ்தரில் ஒரு மெத்தை போட்டிருப்பார்கள்: பின்னணிக் குரல்கள், கீபோர்டு, பளபளப்பான டிரம்ஸ். வயதான பாடகரை வைத்துத் தட்டு எடுப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு இது. குரல் தேய்ந்துவிட்டது என்று பயந்து மூடி மறைப்பார்கள். மூடியதாலேயே தேய்மானம் இன்னும் பெரிதாகத் தெரியும்.

இந்த இடத்தில் ரிக் ரூபின் வருகிறார். அவர் பின்னணி கன்ட்ரி இசையே அல்ல. ராப் தட்டுகளுக்குப் பேர்போன டெஃப் ஜாம் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். ராப் பாடகர்கள், ஸ்லேயர் போன்ற கடும் மெட்டல் (காதைப் பிளக்கும் ராக் வகை) குழுக்கள், இவர்களோடு வேலை பார்த்தவர். 1985-இல் எல்.எல். கூல் ஜே என்ற ராப் பாடகரின் முதல் தட்டில் தயாரித்தவர் என்று போட வேண்டிய இடத்தில் ‘குறைத்தவர் ரிக் ரூபின்’ என்று அச்சிட்டிருந்தார்கள். அதைவிடப் பொருத்தமான விசிட்டிங் கார்டு அவருக்குக் கிடையாது! 1993-இல் கலிஃபோர்னியாவில் ஒரு நிகழ்ச்சி முடிந்து இருவரும் சந்தித்தார்கள். அப்போது ரூபினுக்கு 30 வயதுகூட முழுதாக ஆகவில்லை.

பிறகு லாஸ் ஏஞ்சலஸில் ரூபின் வீட்டு வரவேற்பறை. சோபாவில் உட்கார்ந்து கேஷ் தனக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் பாடிக்கொண்டே போக, ரூபின் பதிவு செய்துகொண்டே போனார். எந்தப் பாட்டு ஒட்டுகிறது என்று பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. குழுவை வைத்தும் முயன்று பார்த்தார்கள். கடைசியில் அந்தச் சோபாப் பதிவுகளைத் தாண்ட எதுவும் வரவில்லை. ஆகவே அதையே தட்டாக்குவது என்று முடிவானது. மிச்சப் பதிவுகள் டென்னசியில் ஹென்டர்சன்வில் ஊரிலுள்ள கேஷின் மரக்குடிலில் நடந்தன.

இனி நுணுக்கத்துக்கு வருவோம். இதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

கேஷ் தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார்: இந்தத் தட்டில் ‘பிக்’ என்ற மீட்டும் தகட்டைப் பயன்படுத்தவே இல்லை, கிடாரின் ஒவ்வொரு சுரமும் தன் கட்டை விரலில் பிறந்தது. கிடார் தொட்டவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். பிளாஸ்டிக் பிக்கால் மீட்டினால் சுரத்தின் தொடக்கத்தில் ‘டிக்’ என்ற கூர்மை இருக்கும், மெல்லிய தந்திகள் பளிச்சென்று கேட்கும். சதையால் மீட்டினால் அந்தக் கூர்மை போய்விடும்; கனத்த பேஸ் தந்திகள் உருண்டையாக ஒலிக்கும், ஒலியளவு குறையும். இன்னொன்று: கட்டை விரல் கீழ்நோக்கி நன்றாக இறங்கும், மேல்நோக்கி வரும்போது வலு இருக்காது. ஆகவே வேகமாக வாரி அடிக்க முடியாது. பேஸ் தந்தியில் ஒரு தட்டு, மற்ற தந்திகளை ஒரு வருடல், மறுபடி வேறு பேஸ் தந்தியில் ஒரு தட்டு. இவ்வளவுதான் நடை. பழைய மூவர் குழுவின் ‘பூம் சிக்கா’ தாளத்தின் எலும்புக்கூடு இது. மார்ஷல் கிரான்டின் பேஸ் வேலையையும் காகிதம் செருகிய கிடாரின் வேலையையும் அந்த ஒரு விரல் பார்க்கிறது.

அடுத்தது மைக். ஒருவரே ஒரே நேரத்தில் பாடி, கிடாரும் வாசித்தால், குரலுக்கு வைத்த மைக்கில் கிடார் விழும், கிடாருக்கு வைத்த மைக்கில் குரல் விழும். இதைத் தவிர்க்கவே முடியாது. விளைவு? ஒரு வரியில் சுருதி நழுவினால் அந்த வரியை மட்டும் திரும்பப் பாடி ஒட்ட முடியாது. பழைய கிடாரோடு சேர்ந்து பழைய குரலும் அடியில் முனகும். இரண்டு பதிவுகளை வெட்டிச் சேர்ப்பதென்றாலும் இரண்டும் ஒரே வேகத்தில் இருக்க வேண்டும். வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் கருவி இல்லாமல், பாட்டின் மனநிலைக்கு ஏற்பத் தாளத்தை இழுத்தும் விட்டும் பாடுகிற மனிதரிடம் அது நடக்காது. ஆகவே முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஒரே மூச்சாகச் சரியாக வர வேண்டும், இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து.

குரல் மைக்கை மிக நெருக்கமாக வைத்தாலும் ஆபத்து. ஒரு பக்கம் மட்டும் கேட்கும் வகை மைக்கில், வாய் நெருங்க நெருங்கக் கனத்த ஒலி பெருகும். கேஷின் குரலோ பிறவியிலேயே பாதாளத்தில் இருப்பது. கொஞ்சம் கூடுதலாக நெருங்கினாலும் சொற்கள் குழைந்து சேறாகிவிடும். தள்ளி வைத்தாலோ அறை கேட்க ஆரம்பிக்கும், நெருக்கம் போய்விடும். இந்தத் தட்டில் அந்த இடைவெளியைப் பிடித்திருக்கிற துல்லியம் அபாரம். ஹெட்ஃபோனில் கேளுங்கள்: வரிக்கு முன்னால் மூச்சு உள்ளே போவது கேட்கும், வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் தொண்டை கரகரப்பது கேட்கும். எதிரொலி ஒரு துளியும் கிடையாது. சன் ஸ்டுடியோவில் 23 வயதுக் குரலுக்குப் போர்த்திய சால்வையை 61 வயதில் உருவி எடுத்துவிட்டார்கள்.

இப்போது முதல் பாட்டு, ‘டெலியாஸ் கான்’. இரண்டேகால் நிமிடம். காதலியைச் சுட்டுக் கொன்றவன் தன் வாயாலேயே சொல்கிற கதை. இதன் வேர் உண்மைச் சம்பவம்: 1900-இல் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இரவு, ஜார்ஜியா மாநிலம் சவானா நகரத்தில் டெலியா கிரீன் என்ற 14 வயது கறுப்பினச் சிறுமி சுடப்பட்டு, மறுநாள் இறந்தாள். சுட்டவனும் ஏறத்தாழ அதே வயதுச் சிறுவன். அந்தச் சாவு பாட்டாகி, வாய்வழியே பல ஊர் சுற்றி, பஹாமாஸ் தீவு வரைக்கும் போய் வந்தது. கேஷ் 1962-லேயே இதைப் பதிவு செய்திருக்கிறார். 1994-க்காக வரிகளைத் திருத்தி இன்னும் கொடூரமாக்கினார்.

பாடும் விதத்தைக் கவனியுங்கள். முதல் குண்டு, அவள் துடிப்பதைப் பார்க்கச் சகிக்காமல் இரண்டாவது குண்டு. இந்த இடத்தில் எந்தப் பாடகரும் குரலை உயர்த்துவார் அல்லது தழுதழுப்பார். கேஷ் இரண்டும் செய்வதில்லை. சந்தையில் விலை சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போகிறார். விரல் அதே தாளத்தில் நடக்கிறது. கடைசியில் சிறையில் தூக்கம் வராமல், கட்டிலைச் சுற்றி அவள் காலடி கேட்கிறது என்று காவலரிடம் முறையிடுகிறான். அப்போதும் மன்னிப்புக் கேட்பதில்லை. பின்னணியில் ஒரு வயலின் இருந்திருந்தால் ‘இங்கே வருந்து’ என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கும். அது இல்லாததால் நாமே அவனோடு அறைக்குள் மாட்டிக்கொள்கிறோம்.

கொலைகாரனில் தொடங்கிய தட்டு எங்கே போகிறது? வரிசையை யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். மூன்றாவது, ‘த பீஸ்ட் இன் மீ’. நிக் லோ எழுதியது. அவர் ஒரு காலத்தில் கேஷின் மனைவி ஜூன் கார்ட்டரின் மகளை மணந்திருந்தவர். கேஷுக்காகவே தொடங்கி, பாதியில் நின்று, பத்து வருடத்துக்கு மேல் கழித்து முடித்த பாட்டு. தனக்குள் கட்டிப்போட்ட மிருகத்தைப் பற்றி, போதை மாத்திரைப் பழக்கத்தோடு பல வருடம் போராடிய மனிதர் பாடினால் நடிப்புக்கு அங்கே இடம் ஏது? நான்காவது, ‘டிரைவ் ஆன்’, வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாயின் குரல், கேஷே எழுதியது. அடுத்தது கிறிஸ் கிறிஸ்டோஃபர்சனின் பிரார்த்தனை. அதற்கடுத்து மெட்டல் பாடகர் க்ளென் டான்சிக் எழுதிய ‘தேர்ட்டீன்’, பிறவியிலேயே சபிக்கப்பட்டவனின் வாக்குமூலம். பிரார்த்தனைக்கும் சாபத்துக்கும் நடுவே ஒரு நொடி அமைதிதான்.

பத்தாவது பாட்டு டாம் வெய்ட்ஸ் எழுதியது, ‘டவுன் தேர் பை த டிரெய்ன்’. ஐந்து நிமிடத்தைத் தாண்டும். எல்லாப் பாவிகளுக்கும் இடமுள்ள ரயில் ஒன்று மெதுவாகப் போகிற இடம். லிங்கனைக் கொன்ற பூத்துக்கும் அதில் இடம் உண்டு. முதல் பாட்டின் கொலைகாரன் கேட்காத மன்னிப்பு, பத்தாவது பாட்டில் கேட்காமலேயே நீட்டப்படுகிறது. தட்டின் உச்சம் இதுதான் என்பேன்.

உடனே பின்னால் வரும் ‘ரிடெம்ப்ஷன்’ எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. கேஷின் விசுவாசத்தில் எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் வெய்ட்ஸ் காட்சியாகக் காட்டியதை இந்தப் பாட்டு பிரசங்கமாகச் சொல்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தது தவறு.

இன்னொரு குறை ‘டென்னசி ஸ்டட்’. இதுவும் கடைசிப் பாட்டும் 1993 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் வைப்பர் ரூம் என்ற சின்ன இரவு விடுதியில் பார்வையாளர்கள் முன் பதிவானவை. எட்டுப் பாட்டு ஒரே அறையில் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டு, திடீரென்று ஒரு கூட்டம் ஆரவாரம் செய்கிறது. பாட்டு நல்ல பாட்டுதான், குதிரைக் கதை, குஷியாகப் பாடுகிறார். ஆனால் கட்டிவைத்த தனிமை கலைந்துபோகிறது. கடைசிப் பாட்டுக்கு மட்டும் கூட்டம் தேவை என்று ஒப்புக்கொள்வேன். லூடன் வெய்ன்ரைட் எழுதிய அந்தப் பாட்டில் அழத் தெரியாத மனிதனுக்கு வரிசையாக ஆபத்துகள் நேர்கின்றன. கறுப்பு நகைச்சுவை. சிரிப்பதற்கு ஆள் வேண்டும். கேஷ் எங்கே நிறுத்துகிறார், சிரிப்பு அடங்கும்வரை எவ்வளவு காத்திருந்து அடுத்த வரியை எடுக்கிறார் என்று கேளுங்கள். நாற்பது வருட மேடை அனுபவம் அந்த இடைவெளிகளில் இருக்கிறது.

வெளியானதும் என்ன ஆயிற்று? விமர்சகர்கள் கொண்டாடினார்கள். கன்ட்ரி வானொலிகள் எப்போதும் போல வாய் மூடிக்கொண்டன. அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டின் தரவரிசைப் பட்டியலில் முதல் நூறு இடத்துக்குள் வரவில்லை. 1995-இல் கிராமி விருது கிடைத்தது, அதுவும் சமகால ஃபோக் (நாட்டுப்புறப் பாட்டு) பிரிவில். கன்ட்ரி பிரிவில் அல்ல. அடுத்த தட்டு கன்ட்ரி பிரிவிலேயே கிராமி வாங்கியபோது, 1998-இல் பில்போர்டு பத்திரிகையில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. ஆதரவளித்த, கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் இசை உலகத்துக்கும் கன்ட்ரி வானொலிக்கும் நன்றி என்று வாசகம். படத்தில் கேஷ் நடுவிரலைக் காட்டிக்கொண்டிருக்கிறார்! 1969-இல் சான் குவென்டின் சிறையில் ஜிம் மார்ஷல் எடுத்த படம் அது.

புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு ஒரு யோசனை. பலரும் 2002-இல் வந்த ‘ஹர்ட்’ பாட்டில் தொடங்குகிறார்கள். வேண்டாம். அது நோயில் நலிந்த குரல். அதில் தொடங்கினால் இரக்கம்தான் முதலில் வரும், காது பின்னால் போய்விடும். 1994 தட்டில் குரல் முழு பலத்தோடு இருக்கிறது. போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், அந்தக் கட்டை விரல் பேஸ் அதில் வரவே வராது. ‘டெலியாஸ் கான்’ பாட்டின் 1962 வடிவத்தை முதலில் ஒருமுறை கேட்டுவிட்டு இதற்கு வாருங்கள். தட்டு பழகியபிறகு, கேஷ் இறந்த 2003-ஆம் வருடக் கடைசியில் வந்த ‘அன்எர்த்டு’ என்ற ஐந்து தட்டுத் தொகுப்பைத் தேடுங்கள். அதன் முதல் தட்டில், 1994-க்காகப் பாடி ஒதுக்கிவைத்த தனிக் கிடார் பதிவுகள் இருக்கின்றன. அவற்றில் பல நல்ல பாட்டுகள்தான். அந்த டெலியாவுக்கும் அந்த ரயிலுக்கும் நடுவே எதை எங்கே செருக முடியும் என்று முயன்று பாருங்கள். நான் ‘டென்னசி ஸ்டட்’ இருக்கும் இடத்தில் மட்டும்தான் தைரியமாக மாற்றுவேன்.