"எனக்கு இது கேக்குமா, டாக்டர்?"

நேயர்களுக்கு வணக்கம்.

கரப்பானுக்கு, அதாவது எக்ஸிமாவுக்கு, களிம்புகள் போதாமல் ஒளி சிகிச்சை எழுதிக் கொடுத்தால் உடனே வரும் கேள்வி: "எனக்கு இது கேக்குமா, டாக்டர்?"

இருபது வருஷமாக இந்தக் கேள்விக்கு நேரான பதில் என்னிடம் இல்லை.

உள்பக்கம் முழுக்கக் குழல் விளக்குகள் பதித்த பீரோ மாதிரி ஒரு கூண்டு. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி உள்ளே நிற்கவேண்டும். 311 நானோமீட்டரை ஒட்டிய புற ஊதா பி கதிர் உடம்பில் படும். வாரம் இரண்டு மூன்று தடவை, இரண்டு மூன்று மாதம்.

தொடங்கும் முன் முதுகில் சின்னச் சின்னக் கட்டங்களில் கூட்டிக் கூட்டி ஒளி பாய்ச்சி, எந்தக் கட்டம் சிவக்கிறது என்று மறுநாள் பார்ப்போம். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அந்தச் சிவப்பைக் கண்டுபிடிப்பதே ஒரு பாடு. அதை வைத்துப் பலன் தெரியும் என்று நினைக்கிறார்கள். தெரியாது. எவ்வளவு கொடுத்தால் தோல் புண்ணாகாது என்பது மட்டும்தான் தெரியும்.

இன்னொரு சிக்கல், கரப்பான் தானாகவே ஏறி இறங்குகிற நோய். உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆட்கள் எங்களிடம் வருகிறார்கள்; அதில் கொஞ்சம் எப்படியும் இறங்கும். அதனால்தான் 2001-ல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வில், ஒரு சாராருக்கு வெறும் சாதாரண வெளிச்சத்தையே கொடுத்து ஒப்பிட்டார்கள். 12 வாரம், 24 தடவை. புற ஊதா பி கதிர்தான் கூடுதலாகக் குறைத்தது. ஆனால் அது கூட்டத்தின் சராசரிக் கணக்கு. என் முன்னால் உட்கார்ந்திருப்பவரோ ஒரே ஆள். யாருக்குக் கேட்கும் என்று முன்கூட்டியே சொல்ல, ரத்தத்தில் ஒவ்வாமையோடு சேர்ந்த ஐஜிஇ என்ற புரதம், தோலின் காப்புக்கு வேண்டிய ஃபிலாக்ரின் புரதத்தின் மரபணு என்று தேடுகிறார்கள். தனி ஒருவருக்கு உறுதி சொல்லும் பரிசோதனை இன்னும் கைக்கு வரவில்லை.

சரி, அப்புறம் எதை நம்புவது? நான் நம்புவது முதல் சில வாரங்களை. ஏழு கேள்விகள் கொண்ட ஒரு தாள் உண்டு, மொத்தம் 28 மதிப்பெண். போன வாரம் எத்தனை நாள் அரித்தது, எத்தனை ராத்திரி தூக்கம் கெட்டது என்று கேட்கும். வாராவாரம் நிரப்பினால் போக்கு தெரிந்துவிடும்.

தையல் வேலை செய்யும் ஒரு பெண் தாளெல்லாம் வேண்டாம் என்று, தூங்காத இரவுகளை நாள்காட்டியில் தையல் சாக்பீஸால் வட்டமிட்டு வைத்திருந்தார். முதல் மாதம் முழுக்க வட்டம். இரண்டாவது மாதத்தில் ஆறு. நடுவில் ஒரு வாரம் மட்டும் வட்டங்கள் மறுபடி நெருங்கி வந்திருந்தன. என்னம்மா ஆச்சு என்றேன்.

"தீபாவளி ஆர்டர் சார். அந்த வாரம் லைட்டுக்கே வரலை."