கன்சல்டிங்கா, சொந்தத் தொழிலா?

வணக்கம் நேயர்களே.

நவம்பர் கடைசியில், எம்பிஏ சேர்க்கைக்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வு முடியும். புத்தாண்டு பிறந்ததும் ஐஐஎம் எனப்படும் இந்திய மேலாண்மைக் கழகங்களின் நேர்முகங்கள் வரிசையாக வரும். அந்த நாட்களில் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் தவறாமல் கேட்பது இது: "எம்பிஏ முடித்து என்ன செய்வாய் என்று கேட்டால் கன்சல்டிங் என்று சொல்லட்டுமா, சொந்தத் தொழில் என்று சொல்லட்டுமா சார்? எதைச் சொன்னால் சீட் கிடைக்கும்?" கன்சல்டிங் என்றால் நிறுவனங்களுக்குத் தொழில் ஆலோசனை சொல்லும் வேலை.

எதைச் சொன்னால் கிடைக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தாலே பாதை மாறிவிடுகிறது. இதுவரை நீங்கள் செய்த வேலை எந்தப் பக்கம் சாட்சி சொல்கிறது? அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். ஊர் ஈரோடு, சென்னையில் மென்பொருள் வேலை. மஞ்சள் ஏற்றுமதி நிறுவனம் தொடங்குவேன் என்று விண்ணப்பக் கட்டுரையில் எழுதியிருந்தார். படிக்க நன்றாகவே இருந்தது. "ஏம்மா, விரலி மஞ்சள் குவிண்டால் இன்றைக்கு என்ன விலை?" என்று கேட்டேன். தெரியவில்லை. "கிழங்கு மஞ்சளுக்கும் விரலிக்கும் விலை எவ்வளவு வித்தியாசப்படும்?" அதுவும் தெரியவில்லை. முகம் வாடிவிட்டது.

சரி, மஞ்சளை விடும்மா, வீட்டில் யாராவது தொழில் செய்கிறார்களா என்றேன். மாமா ஜவுளிக்கடை வைத்திருக்கிறாராம். அவ்வளவுதான், அந்தப் பெண் பேச ஆரம்பித்துவிட்டார்! கடையில் சரக்கு நிறைய, கையில் பணம் இல்லை. இவர் ஊருக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நோட்டைப் போட்டு, எந்த ரகம் எத்தனை நாளாக அலமாரியில் கிடக்கிறது, யாருக்குக் கடன் கொடுத்தது திரும்பவில்லை என்று எழுதியிருக்கிறார். ஓடாத ரகங்களை ஆடித் தள்ளுபடியில் தள்ளிவிடச் சொல்லியிருக்கிறார். மாமா முதலில் சண்டை போட்டார், அப்புறம் கேட்டார்.

"இதுதாம்மா கன்சல்டிங்" என்றேன். வேறொருவர் தொழிலுக்குள் போய், எங்கே அடைத்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அவர் ஏற்றுக்கொள்ளும்படி எடுத்துச் சொல்வது. அந்த நோட்டைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை! கன்சல்டிங் என்றால் கோட்டு சூட்டு, விமானப் பயணம் என்று மட்டுமே அவர் நினைத்திருந்தார். மஞ்சளை எடுத்துவிட்டு நோட்டைப் பற்றி எழுதினார். அடுத்த பயிற்சியில் எந்தக் கேள்விக்கும் தடுமாறவில்லை.

இதே கேள்வியைச் சொந்தத் தொழில் என்று சொல்பவர்களும் தங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். எதையாவது விற்றிருக்கிறீர்களா? பத்து டி-ஷர்ட் அச்சடித்துக் கல்லூரி விழாவில் விற்றிருந்தாலும் போதும், அது சாட்சி. மடிப்பாக்கத்தில் அம்மா சுட்ட இட்லியைச் சிறுவயதில் கொண்டுபோய் விற்றவர் சரத்பாபு. அகமதாபாத் ஐஐஎம்மில் படித்துவிட்டு 2006இல் உணவுத் தொழில் தொடங்கினார். அவர் வாழ்க்கையே அந்தப் பக்கம் சாட்சி சொன்னது.

ஒன்றைத் தேர்ந்தால் மற்றது போய்விடும் என்று பயப்படவும் வேண்டாம். அழகுப் பொருட்கள் விற்கும் நைக்கா நிறுவனத்தைத் தொடங்கிய பால்குனி நாயர் 1985இல் அகமதாபாத் ஐஐஎம்மில் முடித்து, ஒரு கன்சல்டிங் நிறுவனத்தில்தான் முதலில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு கோடக் மகிந்திரா நிதிக் குழுமத்தில் நீண்ட காலம். நைக்கா தொடங்கியது 2012இல், ஐம்பது வயதை நெருங்கும்போது. ஆகவே விண்ணப்பத்தில் நீங்கள் எழுதுவது ஆயுள் சாசனம் கிடையாது. ஆனால் எழுதும் நாளில் அது உண்மையாக இருக்க வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், உங்கள் பழைய நோட்டு எந்தப் பக்கம் பேசுகிறது?

கல்விக்கடன் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய ஐஐஎம்களில் இரண்டாண்டுக் கட்டணம் இருபது லட்சத்தைத் தாண்டிவிட்டது. தவணையும் கட்டிக்கொண்டு தொழிலும் தொடங்குவது வீட்டையே பாதிக்கிற முடிவு. அப்பா அம்மாவிடம் முன்கூட்டியே பேசுங்கள். தொழில் தொடங்கும் மாணவர் வளாக வேலைத்தேர்வைத் தள்ளிவைத்து, குறிப்பிட்ட காலத்துக்குள் திரும்பி வந்து கலந்துகொள்ளச் சில ஐஐஎம்களில் வழி இருக்கிறது. சேரும் முன்பே அதைக் கேட்டு வையுங்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.