சாவி கொடுத்தால் பாடும் பெட்டி

(கிளிநொச்சி மாவட்டக் கிராமமொன்றின் வாசிகசாலையில் ஆற்றிய உரை)

பெரியோர்களே, தாய்மாரே, தம்பி தங்கச்சிமாரே, வணக்கம்.

தொண்ணூறுகளில் வன்னியில் இருந்தவர்களுக்கு மின்சாரமில்லாமல் பாட்டுக் கேட்பது புதிதல்ல. பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடியது. சுற்றுகிறவர் கை ஓய்ந்தால் பாட்டும் ஓய்ந்துவிடும். கிராமபோனில் அந்தக் கஷ்டம் இல்லை. கைப்பிடியைச் சுற்றிச் சாவி கொடுத்ததும் உள்ளே எஃகுச் சுருள் இறுகுகிறது. அது அவிழ்கிற விசையில் பாட்டுப் பதிந்த தட்டுச் சுழலும். வேகம் கூடினால் மூன்று சிறு குண்டுகள் வெளியே விரிந்து ஒரு வட்டை இழுத்து உரசவைத்து, வேகத்தை அடக்கும். நிமிடத்துக்கு 78 சுற்று. தட்டின் வரியில் ஓடுகிற ஊசியின் அதிர்வு மைக்கா என்ற மெல்லிய கனிமத் தகட்டுக்குப் போய், குழலில் பெருகி வெளியே வருகிறது. இவ்வளவுதான் முழு இரகசியமும்.

எடிசன் 1877இல் உருளையில் சுற்றிய தகரத்தாளில்தான் குரலைப் பதிந்தார். பத்து வருடம் கழித்துப் பெர்லினர் தட்டையான வட்டுக்கு மாற்றினார். அச்சிலிருந்து புத்தகம் எடுப்பதுபோல ஒரு மூலத்திலிருந்து ஆயிரம் தட்டு எடுக்கலாம் என்றானது. 1902இல் கிராமபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் கெய்ஸ்பேர்க் கல்கத்தாவுக்கு வந்து, கௌஹர் ஜான் என்ற பாடகியின் பாட்டைப் பதிந்தார். அப்போது தட்டுகளை ஜெர்மனியின் ஹனோவரில் அடித்துக் கப்பலில் அனுப்பினார்கள். 1908இல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்தது. பிறகுதான் கே. பி. சுந்தராம்பாளின் குரல் வீடுகளுக்குள் வந்தது. நாடக மேடைக்குப் போகாதவர்களும் அவரைக் கேட்டார்கள்.

பெட்டியைவிடத் தட்டைத் தேடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். பரந்தனிலிருந்து முள்ளிவாய்க்கால்வரை ஓடிய சனம் கிராமபோனையா தூக்கியிருக்கும்? உழவு இயந்திரத்தில் அரிசி மூட்டைக்கே இடமில்லை. ஆனாலும் யாரோ ஒரு பெரியம்மாவின் பெட்டியடியில், சேலைகளுக்குள் ஒரு தட்டு இருக்கக்கூடும். அதை எடுத்தால் அது யாருடைய வீட்டுத் தட்டு, எங்கிருந்து வந்தது, எந்தக் கொண்டாட்டத்தில் போட்டார்கள் என்பதையும் எழுதி வையுங்கள். நடுவில் வழுவழுப்பான இடத்தில் பொறித்த எண்ணையும் குறியுங்கள். பதிவின் காலத்தை அறிய அது உதவும்.

தட்டு அரக்கால் ஆனது. பாண்டவர்களைக் கொல்லக் கட்டிய மாளிகையின் அதே அரக்கு. தகரக் கூரையின் வெக்கையில் வளைந்துவிடும். செங்குத்தாக நிறுத்தி, நிழலில் வையுங்கள். ஸ்பிரிட்டால் துடைக்கவே வேண்டாம், அரக்குக் கரைந்துவிடும். அரக்கோடு கல்மாவும் கலந்திருப்பதால் அதில் ஓடுகிற எஃகு ஊசி சீக்கிரம் தேய்கிறது. அதனால் ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி. தேய்ந்த ஊசி தட்டையே அறுக்கும்.

பெட்டி வாங்க விரும்புகிற தம்பிமாருக்கு ஒன்று சொல்கிறேன். பளபளக்கும் பித்தளைக் குழலும், எச்.எம்.வி. நிறுவனச் சின்னமான நாய்ப் படமும் வைத்துக் கடைகளில் விற்பதில் பல, பழைய உதிரிப்பாகங்களையும் புதுக் குழலையும் சேர்த்து அண்மையில் பொருத்தியவை. அந்த நாயை பிரான்சிஸ் பரோட் என்ற ஓவியர் வரைந்தார், 1899இல் கிராமபோன் நிறுவனம் படத்தை வாங்கியது. அந்தப் படம் ஒட்டியிருப்பது பழமைக்குச் சான்றல்ல. கறுத்த சூட்கேஸ்போல மூடுகிற எச்.எம்.வி. 102 போன்ற போட்டபிள்களை எனக்குப் பிடிக்கும். 1931இல் வந்த மொடல், குழல் பெட்டிக்குள்ளேயே மறைந்திருக்கும். துரு இருந்தால் இருக்கட்டும். பெயின்ற் அடிக்காதீர்கள், பழைய கீறல்களும் அதன் வரலாறுதான்.

சுருள் இருக்கிற உருளையை மட்டும் வீட்டில் திறக்காதீர்கள். இறுகிய சுருள் வெளியே பாய்ந்தால் விரலைக் கிழித்துவிடும். பாவித்து முடிந்ததும் சாவி முழுவதும் அவிழும்வரை ஓடவிட்டு மூடுங்கள்.

சரி, கேள்வி கேட்பவர்கள் கேளுங்கள். தட்டு வைத்திருப்பவர்கள் அதைத் துடைக்காமல், உறையோடேயே அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், இந்த மேசையிலேயே போட்டுக் கேட்போம்.