தப்பு காய்ச்சும் நெருப்பு

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்தப் பனியிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, தாய்மாரே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்து.

"கலையின் இன்பம் நிறைவது நேரில் காணும் இரவிலா, கையில் இருக்கும் திரையிலா?" இதுதான் தலைப்பு. நேரில் காணும் இரவிலேதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தங்கை மூன்று விஷயங்களை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பெரிய பெரிய வித்துவான்கள் எல்லோரும் போனுக்குள் இருக்கும்போது போர்வையை விட்டு ஏன் எழும்ப வேண்டும் என்றார். டிக்கெட், ஆட்டோ, சாப்பாடு என்று கணக்குப் போட்டால் இரண்டு நாள் சம்பளம் போய்விடும் என்றார். கடைசி பஸ் போன பிறகு ஒரு பெண் பிள்ளை எப்படி வீடு திரும்புவாள் என்று கேட்டார். மூன்றுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால் ஓர் இரவைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மாசி மாதம். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்து. அம்மாயி, என் அம்மாவின் அம்மா, பகல் முழுக்க மலையில் கொழுந்து எடுத்துவிட்டு வந்தவர். கால் கழுவி, ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு, ஒரு சாக்கையும் கம்பளியையும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "வாடி" என்றார். அவ்வளவுதான். வரிசை வீடுகளான பணிய லயத்திலிருந்து கோயில் முற்றத்துக்கு ஏறும் படிக்கட்டில் எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் டோர்ச் வெளிச்சமாகவே இருந்தது. லயமே புறப்பட்டிருந்தது.

முற்றத்தின் ஓரத்தில் நெருப்பு மூட்டியிருந்தார்கள். கவ்வாத்து வெட்டிய மலையில் பொறுக்கி வந்த மிலாறு, காய்ந்த தேயிலைக் கிளைகள். தப்பு என்னும் பறையை அடிக்கிற தாத்தா அதன் முகத்தை நெருப்புக்கு நேராகப் பிடித்து, மெதுவாகச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். பிறகு காதோடு வைத்து விரல் நகத்தால் ஒரு தட்டு. தலையை ஆட்டினார், இன்னும் ஆகவில்லை. திரும்பவும் நெருப்பு, திரும்பவும் தட்டு. பனி இறங்கினால் தோல் தொய்ந்துவிடும், சத்தம் ஈரச் சாக்கில் அடித்த மாதிரி ஆகிவிடும். அதனால் அந்த இரவில் நாலு தடவையாவது கூத்தை நிறுத்தித் தப்பைக் காய்ச்சினார்கள். அந்த நேரத்தில்தான் சாயத்தண்ணி வந்தது, தூங்கிய பிள்ளைகளைப் பெரியவர்கள் மடி மாற்றினார்கள், தோட்டத்தின் மேல் பிரிவான மேல் கணக்கிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் சுகம் விசாரித்தார்கள். திரையில் இதையெல்லாம் வெட்டி எறிந்துவிடுவார்கள். எனக்கோ, காத்திருந்து காத்திருந்து, காய்ந்த தோலில் விழுந்த முதல் அடி நெஞ்சுக்கூட்டுக்குள் வந்து இறங்கியது. காது கேட்பதற்கு முன்னால் உடம்பு கேட்டது.

காமன் கூத்தின் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். சிவனின் தவத்தைக் கலைக்கப் போகிறான் மன்மதன். போகாதே என்று தடுக்கிறாள் ரதி. கேட்காமல் போகிறான், நெற்றிக்கண்ணில் எரிகிறான். எங்கள் தோட்டத்தில் ரதி வேஷம் கட்டியவர் பகலில் ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், கொழுந்துச் சாக்கு தூக்கும் மாமா. அவர் விரதம் இருந்ததைப் பார்த்திருக்கிறேன், வேஷம் போட்டதையும் ஓலைத் தட்டியின் இடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறேன். அவர் யாரென்று தெரிந்தும், மன்மதன் எரிந்த பிறகு அவர் தரையில் உட்கார்ந்து ஒப்பாரி எடுத்தபோது எனக்கு அவர் மாமாவாகத் தெரியவில்லை.

அம்மாயியின் கணவர், என் தாத்தா, இறந்து அப்போது இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அம்மாயி அவரைப் பற்றிப் பேசுவதே இல்லை. முற்றத்தின் ஒரு பக்கத்தில் அம்மாயியும் அவரைப் போலக் கணவனை இழந்த நாலைந்து பெண்களும் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ரதி பாடிக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பினார். அவர்களைப் பார்த்தார். பார்த்துவிட்டு, முடித்திருக்க வேண்டிய ஒரு வரியை முடிக்காமல் திரும்ப எடுத்தார். இன்னொரு தடவை, இன்னும் மெதுவாக. தப்பும் அவருக்காக இறங்கி வந்தது. அம்மாயி அழுதார். கம்பளியை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பக்கத்தில் இருந்தவர்களும் அழுதார்கள். யாரும் யாரையும் தேற்றவில்லை. விடிந்ததும் அம்மாயி முகம் கழுவிக்கொண்டு பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்குப் போனார்.

நடுவர் ஐயா, என் வழக்கு முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. பாடியவர் அவர்களைப் பார்த்தார், அதனால் பாட்டு மாறியது. அதே தோட்டத்தில் அடுத்த வருஷமும் அதே வேஷம் கட்டினார்கள், அந்த வரி அப்படி வரவில்லை. அது அந்தப் பெண்களுக்காக அந்த ராத்திரியில் பிறந்த வரி. எதிரணித் தங்கையே, உங்கள் போனில் இருக்கும் வித்துவான் பெரியவர்தான், மறுக்கவில்லை. நானும் தேயிலைக்குள் நடந்து போகும்போது கேட்கிறேன். ஆனால் அவர் உங்களைப் பார்க்க மாட்டார். நீங்கள் அழுதாலும் சரி, பாதியில் எழுந்து போனாலும் சரி, அவர் அந்த வரியை அன்று பாடியபடிதான் பாடுவார்.

சத்தத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கண்டியில் ஒரு கச்சேரியில் மிருதங்கக்காரருக்கு மூன்றடி தள்ளி உட்காரும் பாக்கியம் கிடைத்தது. தொடங்குவதற்கு முன் அவர் ரவையைத் தண்ணீரில் பிசைந்து, இடது பக்கத் தோலான தொப்பியின் நடுவில் வட்டமாக அப்பினார். அடித்துப் பார்த்தார், கொஞ்சம் கிள்ளி எடுத்தார், திரும்ப அடித்தார். அந்தக் கனத்தில்தான் இடது கையின் அடி நாதம் பிறக்கிறது. வீட்டுக்கு வந்து அவரே வாசித்த பதிவு ஒன்றைப் போனில் போட்டேன். வலது பக்கம் 'டிக் டிக்' என்று கேட்டது. இடது பக்கத்தைக் காணோம். போனில் இருக்கும் ஒலிபெருக்கி நகத்தளவு. தாழ்ந்த நாதத்துக்கு நிறையக் காற்றை அசைக்க வேண்டும், அந்த நகத்தளவுத் தகடு அதைச் செய்ய முடியாது. பாதி மிருதங்கத்தைக் கேட்டுவிட்டு முழுக் கச்சேரி கேட்டேன் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

சரி, 2021 ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். கொரோனா. எங்கள் தோட்டத்துத் திருவிழாவுக்குக் கூட்டம் கூடக் கூடாது என்றார்கள். நாலு பேர் மட்டும் நின்று சாமியைச் சுற்றினார்கள், ஒரு தம்பி அதைப் போனில் நேரலையாகக் காட்டினான். படம் நன்றாகத்தான் இருந்தது. சாமி முகத்தை அவ்வளவு கிட்டத்தில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அம்மாயிக்கு அப்போது எழுந்து நடக்க முடியாது. போனைக் கையில் கொடுத்தோம். கும்பிட்டார். கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, "சத்தம் வாசலுக்கு வரலையேடி" என்றார். நோயாளிக்கும் முதியவருக்கும் திரை ஒரு துணைதான், அந்த அளவில் எதிரணியை மதிக்கிறேன். ஆனால் அந்தத் துணையோடு இருந்தவர் கேட்டது வாசலுக்கு வரும் மேளத்தை.

இன்னொரு வாதம் வரும் என்று எனக்குத் தெரியும், அடுத்து எழும்பப்போகும் தம்பி குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறார். பதிவு செய்து வைத்தால்தானே கலை அழியாமல் இருக்கும் என்பார். பேராதனைக்குப் போவோம், இங்கிருந்து தூரமில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தில் 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்தார். 1962 இல் கர்ணன் போர், 1964 இல் இராவணேசன். விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி, நகரத்து மேடைக்கு ஏற்ற நாடகமாக்கினார். அது எப்படிச் சாத்தியமானது? கிராமத்தில் கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரிடம் நின்று தாளக்கட்டைக் காலில் வாங்கிய மாணவர்கள் இருந்தார்கள். இராவணனாக ஆடிய சி. மௌனகுரு அப்படி வந்தவர்தான். கால் பார்த்துக் கால் ஆடியதால் கூத்து பிழைத்தது.

அதே பேராதனையில் மரங்களுக்கு நடுவே ஒரு திறந்தவெளி அரங்கு இருக்கிறது. சிங்கள மாணவர்கள் அதை 'வள' என்பார்கள். சிங்கள நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் சிங்கபாகு நாடகம் 1961 இல் அங்கேதான் முதலில் மேடையேறியது. அதற்கு ஐந்து வருஷம் முன்னால் அவர் மேடையேற்றிய மனமே இன்றைக்கும் ஆடப்படுகிறது. ஏறக்குறைய எழுபது வருஷம்! முதலில் நடித்தவர்கள் போய் எத்தனையோ தலைமுறை நடிகர்கள் வந்துவிட்டார்கள். கதையும் தெரியும், பாட்டும் போனில் கிடைக்கும். இருந்தும் பிள்ளைகள் பாயையும் குடையையும் எடுத்துக்கொண்டு போய் உட்காருகிறார்கள். அந்த நாடகத்தின் பாணிக்கு மூலமான 'நாடகம' என்ற சிங்கள நாட்டார் ஆட்டம் நம் கூத்தோடு உறவு கொண்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் விடாமல் போய்ப் பார்க்கிறார்கள். நாம்?

2023 இல், நம் முன்னோர் மலையகத்துக்கு வந்து இருநூறு வருஷம் ஆனதை மலையகம் 200 என்று கொண்டாடினோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தார்கள், நம் முன்னோர் காடு வழியே நடந்து வந்த பாதையை நினைத்து. அந்த முன்னோர் கையில் என்ன கொண்டுவந்தார்கள்? சட்டி பானையும் ஒரு துணி மூட்டையும். காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் தொண்டையிலும் காலிலும் வந்தன. ராத்திரி உட்கார்ந்து பார்க்க ஆள் இருந்ததால்தான் அவை இத்தனை காலம் தங்கின.

செலவுக்கு வருகிறேன். கூத்துக்கு டிக்கெட் இல்லை, சாக்கு ஒன்று போதும். மண்டபத்துக்கு வரும் நாடகத்துக்கும் கச்சேரிக்கும் காசு வேண்டும், உண்மை. அந்தக் காசு யாருக்குப் போகிறது என்று பாருங்கள். கல்யாண வீட்டில் கீபோர்ட் வாசிக்கும் தம்பிக்கு, ஒலிபெருக்கி தூக்கும் பையனுக்கு, நாடகத்துக்குச் சேலை தைத்த அக்காவுக்கு. அப்புறம், தப்பு அடிப்பவரை வாசலுக்கு வெளியே நிறுத்திய காலம் நம்மிடையே இருந்தது. விடியற்காலையில் பெரட்டுக்கு ஆள் கூப்பிட அவர் தப்பு வேண்டும், சாவுக்கு வேண்டும், ஆனால் திண்ணையில் அவருக்கு இடமில்லை. அவரை மேடையின் நடுவில் நிறுத்தி, முன்னால் இருநூறு பேர் உட்கார்ந்து கை தட்டுவது அவருக்குத் தரும் நிமிர்வை எந்த விருப்பக்குறி தந்துவிடும்?

கடைசி பஸ். தங்கை கேட்டதில் எனக்கு வலித்த கேள்வி இதுதான். சில வருஷங்களுக்கு முன் டவுனில் ஒரு நாடகம். ஐந்து மணி என்று போட்டிருந்தார்கள், தொடங்கும்போது ஆறரை. ஒரு தாய் தன் மகளை வெளிநாட்டுக்கு அனுப்புகிற கதை. மகள் பையைக் கட்டிவிட்டாள், தாய் கதவை மறித்து நிற்கிறாள், வாயைத் திறக்கப் போகிறாள். நானும் என் சிநேகிதிகள் இரண்டு பேரும் எழுந்து ஓடினோம், பஸ் போய்விடும். அந்தத் தாய் என்ன சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போனில் நான் முடித்த கதைகள் நூறு இருக்கும், பேர்கூட ஞாபகம் இல்லை. அந்தத் தாய் இன்னும் கதவில் நிற்கிறாள்.

இதற்குப் பரிகாரம் எங்களை வீட்டில் உட்கார வைப்பதா? நாள் முழுக்க எடுத்த கொழுந்தின் கிலோக் கணக்கில் நிறுத்துப் பார்க்கப்படும் பெண்களுக்கு ராத்திரி ஒன்றுதான் நிறுக்கப்படாத நேரம். அதையும் ஏழு மணி பஸ்ஸோடு பூட்டிவிடச் சொல்கிறீர்களா? சொன்ன நேரத்துக்குத் தொடங்குங்கள். நிகழ்ச்சி முடிய ஒரு பஸ் பேசி வையுங்கள். லயத்துப் படிக்கட்டுக்கு ஒரு விளக்குப் போடுங்கள். இவ்வளவு செய்தால் நாங்கள் வருவோம், பத்துப் பத்துப் பேராகச் சேர்ந்து வருவோம். அம்மாயி காலத்தில் விளக்கும் இல்லை, பஸ்ஸும் இல்லை, லயம் சேர்ந்து போய் லயம் சேர்ந்து திரும்பியது.

மணி அடித்துவிட்டார்கள், முடிக்கிறேன். மாசி வளர்பிறையில் எங்கள் தோட்டத்தில் காமன் கம்பம் ஊன்றப் போகிறார்கள். ரதி வேஷத்துக்கு அந்த மாமாவின் மகன் விரதம் இருக்கிறான். எதிரணித் தங்கையே, நீங்கள் வர வேண்டும், உண்மையாகவே கூப்பிடுகிறேன். நடுவர் ஐயாவும் வர வேண்டும். பஸ்ஸைப் பற்றி யோசிக்காதீர்கள், எங்கள் காம்பராவில் படுத்துக்கொள்ளலாம், அம்மாயியின் கம்பளி இருக்கிறது. கொஞ்சம் நேரத்தோடு வந்தால் தப்பு காய்ச்சும்போதே நெருப்புக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கும்.